முதல் துடிப்புகள் கணக்கில் இல்லை

ஆம்பூர்
9.6.2025

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஹெப்சிக்கு,

உன் அப்பா கிருபானந்தம் மூச்சு வாங்காமல் எழுதுவது. (எழுதும்போது வாங்காது. மாடிப்படி ஏறும்போதுதான் வாங்கும்.)

வீட்டில் மூன்று போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் நீயும் நானும் போனில் போட்ட சண்டையில் எனக்கு மூச்சு முட்டியது. உட்கார இடம் தேடி, உன் அம்மா திருத்தி வைத்திருந்த எட்டாம் வகுப்புப் பரீட்சைக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தேன். "இனிமே அப்பாவும் பொண்ணும் பேசிக்கக் கூடாது. எழுதிக்கோங்க. எழுதினா தெருவுக்குக் கேக்காது" என்று லில்லி டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் போன் இப்போது அவளுடைய கைப்பையில் பள்ளிக்கூடம் போய் வருகிறது. என்னைவிட ஜாஸ்தி படித்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு பிடித்து இறுகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னது உண்மை. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிற ஊரில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு உள்ளே சுண்ணாம்பு ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் உண்மை. மறுநாள் ஆபரேஷன் என்றபோது நான் கீழே டீ குடிக்கப் போனது உண்மை. டீக்கடை பக்கத்தில் ஆம்பூர் பஸ் நின்றதும் உண்மை. இந்த ரெண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நீயும் அம்மாவும் 'ஓடிப்போனது' என்கிறீர்கள்.

கையில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். "இன்னா சார், டிஸ்சார்ஜா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "முகம் நல்லா தெளிஞ்சிருக்கு" என்றார். படித்த டாக்டர் எவரும் எனக்கு அப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

காரணம் என்ன என்று கேட்டுக் கத்தினாய். ஷூ கம்பெனியில் ஜெர்மன்காரன் ஆர்டர். நான் இல்லாவிட்டால் கட்டிங் செக்‌ஷன் நின்றுவிடும். (நான் இல்லாத ரெண்டு நாளும் உற்பத்தி கூடிவிட்டது என்று நயீம் அகமது சொல்கிறான். பொறாமை.)

இந்தக் கடிதத்தை அம்மா சிவப்புப் பேனாவால் திருத்தித்தான் தபாலில் போடுவாள். பத்துக்கு ஆறு போட்டிருக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை.

அன்புடன்,
அப்பா

புனே
14.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் படித்தேன். சிரித்தேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. எப்போதும் இப்படித்தான் தப்பிக்கிறீர்கள். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட மறந்தபோதும் இப்படித்தான், ஹெட்மிஸ்ட்ரஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். வால்வு சிரிக்காது அப்பா.

என் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல ரத்தம்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். சபையில் ரெனிட்டா அக்கா நான் ரத்த வங்கியில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். செயற்கை வால்வு வைத்தால் அதன் வழியாக ரத்தம் எப்படி ஓடும், எங்கே சுழலும், எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நாலு வருஷமாகப் பெயர் தெரியாதவர்களின் ஸ்கேனை வைத்துச் செய்தேன். லீவுக்கு வந்தபோது உங்கள் ஸ்கேன் சி.டி.யைக் காப்பி எடுத்து வந்தேன். முதல் தடவையாக, பெயர் தெரிந்த ஒரு இதயம்.

கலரில் ஒரு படம் வைத்திருக்கிறேன். இது புது வால்வு இல்லை. இப்போது உங்களுக்குள் இருக்கிற பழைய வால்வு. நடுவில் சிவப்பாக இருப்பதைப் பாருங்கள். பார்த்தாலே புரியும். வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

ஒரே கேள்வி. ஏன் திரும்பி வந்தீர்கள்? ஜோக் இல்லாமல் பதில் வேண்டும்.

ஹெப்சி

ஆம்பூர்
20.6.2025

பிரியமான ஹெப்சிக்கு,

உன் படம் வந்தது. பார்த்தாலே புரிந்தது. மனசே கலங்கிவிட்டது. நடுவில் ஒரு கீற்று மட்டும்தான் சிவப்பு. மற்றதெல்லாம் நீலம். நீலம் கெட்ட ரத்தம் என்று உன் அம்மாவே எட்டாம் வகுப்புக்கு வரைந்து காட்டுகிறாள். அவ்வளவுதானா பாப்பா எனக்குள் நல்ல ரத்தம்?

படத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். கட்டிங் டேபிளில் விரித்து வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. நயீம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னா தோஸ்த், இவ்ளோ கம்மியா வெச்சிக்கினு எப்படி மூணு பிளேட் பிரியாணி துன்ன?" என்றான். எலெக்ட்ரீஷியன் பிரேம்நாத், நீல பாகம் ஃபேஸ் வராத லைன் மாதிரி இருக்கிறது என்றான். ஆளுக்கொரு டாக்டர்.

நேற்று சபை ஜெபக் கூட்டத்திலும் காட்டினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ரெனிட்டா அக்கா உடனே சிறப்பு ஜெபம் வைத்துவிட்டார்கள். "ஆண்டவரே, உம் அடியானுக்குள் இருக்கிற நீலம் எல்லாம் சிவப்பாக மாறட்டும்" என்று உருக்கமாக ஜெபித்தார்கள். பின் வரிசையில் நாலைந்து பேர் அழுதார்கள். எனக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபமும் இருக்கிறது. உபவாசம் அவர்களுக்கு, எனக்கு இல்லை.

ஆபரேஷனைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. டாக்டர் ரெண்டு வால்வு சொன்னார், என் வயசுக்கு ரெண்டுமே சரியாம். ஒன்று உலோகத்தில் வரும். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. இன்னொன்று மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற சவ்வைப் பதப்படுத்திச் செய்வது. பதப்படுத்தியது என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நம் ஊர் வேலை ஆயிற்றே! "எத்தனாவது செலக்‌ஷன் சார்?" என்று கேட்டேன். எங்களிடம் தோல் வந்தால் முதல் செலக்‌ஷன், ரெண்டாம் செலக்‌ஷன் என்று பிரித்துத்தானே எடுப்போம். கடைசி செலக்‌ஷனை எனக்கு வைத்துத் தைத்துவிட்டால்? டாக்டர் பக்கத்திலிருந்த சின்ன டாக்டரிடம் ஏதோ குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஷூவை மடக்கி மடக்கிப் பார்க்கிற மெஷின் இருக்கிறது. ஒரு லட்சம் தடவை மடங்கியும் வெடிப்பு விழாவிட்டால் பாஸ். அந்த மாட்டுச் சவ்வு எத்தனை மடக்குத் தாங்கும்?

உன் ஒரே கேள்விக்குப் பதில்: பஸ் நின்றது, ஏறினேன்.

அப்பா
(பத்துக்கு ஏழு. முன்னேற்றம்.)

புனே
26.6.2025

அப்பா,

முதல் வேலையாக ரெனிட்டா அக்காவிடம் சொல்லி அந்த ஜெபத்தை நிறுத்துங்கள். தலைகீழாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்தப் படத்தில் சிவப்பு நல்ல ரத்தம் இல்லை. நீலம் கெட்ட ரத்தமும் இல்லை. சிவப்பு என்றால் வேகம். நீலம் என்றால் நிதானம். அகலமாகத் திறக்க வேண்டிய வாசல் உங்களுக்கு இடுக்காகிவிட்டது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் இல்லையா, அப்படி ரத்தம் அந்த இடுக்கில் பீய்ச்சிக்கொண்டு போகிறது. அதுதான் அந்தச் சிவப்புக் கீற்று. அது குறைந்தால்தான் நல்லது. எல்லாம் சிவப்பாக மாறினால் நீங்கள் ஆபரேஷன் தேதிவரைகூடத் தாங்க மாட்டீர்கள். பார்த்தாலே புரியும் என்று எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மடக்குக் கணக்கு: ஒரு லட்சம் தடவை என்பது வால்வுக்கு ஒரு நாள் வேலை. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதனால் சவ்வு வால்வைக் குறைந்தது இருபது கோடி தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் பாஸ் போடுவார்கள். உலோகத்துக்கு அதைவிட ஜாஸ்தி.

இரண்டு வகை வால்வையும் உங்கள் ஸ்கேனில் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பு நன்றாகக் குறைகிறது. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், முடிவு டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது. நடுவில் ரெண்டு தடவை உங்கள் இதயம் வெடித்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம். அதை விடுங்கள், வழக்கமாக நடப்பதுதான்.

இங்கே ஒரே மழை. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். தூக்குகிற வேலை எதுவும் வேண்டாம், நயீம் மாமாவிடம் சொல்லி வையுங்கள்.

என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஹெப்சி

ஆம்பூர்
3.7.2025

ஹெப்சி,

இந்தக் கடிதத்தை அம்மா திருத்தவில்லை. நானே தபாலாபீஸ் போய்ப் போடுகிறேன். பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

உன் போன கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். 'உங்கள் இதயம் வெடித்துவிட்டது, அதை விடுங்கள்' என்ற இடத்தில் உன் அம்மா கையிலிருந்த தோசைக்கரண்டி கீழே விழுந்தது. இப்படி எழுதுவதற்கா பாப்பா உன்னை டாக்டர் பட்டத்துக்கு அனுப்பினோம்?

ரெனிட்டா அக்காவிடம் கலர் விஷயத்தைச் சொன்னேன். படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "ஆண்டவருக்குக் கலர் தெரியும் அண்ணே. நமக்குத்தான் தெரியலை" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். நயீமும் எனக்காகத் தொழுகையில் வேண்டிக்கொள்கிறான். பயந்துபோய் அவனிடமும் கேட்டேன். "நான் கலரெல்லாம் சொல்லலை தோஸ்த். ஆளு நல்லா இருக்கட்டும்னு மொத்தமா கேட்டுக்கினேன்" என்றான். அவன்தான் புத்திசாலி.

அவனும் நானும் இருபது கோடியை ஒரு லட்சத்தால் வகுத்துப் பார்த்தோம். ஐந்தரை வருஷம் வந்தது. அதற்குமேல் பிய்ந்துவிடுமா என்று அரண்டுபோனோம். அப்புறம் நயீமே சொன்னான்: "டெஸ்ட் பாஸான ஷூ அன்னிக்கேவா பிஞ்சி போவுது? பத்து வருஷமா போட்டுக்கினு திரியறானுங்க." சரி, அந்தப் பேஜார் தீர்ந்தது.

இப்போது உன் கேள்வி. ஜோக் இல்லாமல் கேட்டாய். முயற்சி பண்ணுகிறேன், பழக்கம் இல்லை.

அன்றைக்கு வார்டில் சின்ன டாக்டர் ஒருத்தர் வந்தார். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் வால்வை மாற்றுவார்களாம். அதுவரை ஒரு மெஷின் ரத்தத்தை ஓட்டுமாம். "அப்புறம் யாரு ஸ்டார்ட் பண்ணுவாங்க தம்பி?" என்று கேட்டேன். "பெரும்பாலும் தானாவே ஸ்டார்ட் ஆயிடும் சார்" என்றான்.

பெரும்பாலும்.

அந்த ஒரு வார்த்தைதான் ஹெப்சி. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். எங்கள் செக்‌ஷனில் கன்வேயர் நின்றால் தானாக ஓடாது. பிரேம்நாத் பீடியை அணைத்துவிட்டு வந்து, கெட்ட வார்த்தையில் திட்டி, ஓரத்தில் ஒரு உதை விட்டால்தான் ஓடும். என்னை உதைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஐம்பத்தெட்டு வருஷமாக ஒரு நிமிஷம்கூட நிறுத்தாமல் ஓடுகிற சாமான். நிறுத்திப் பழக்கமே இல்லாததை நிறுத்தினால், திரும்ப ஓட அதற்குத் தெரியுமா?

டீ குடித்தால் பயம் போகும் என்றுதான் கீழே இறங்கினேன். பஸ் நின்றது.

உன் கம்ப்யூட்டரில் என் இதயம் ரெண்டு தடவை வெடித்தது என்றாய். அப்போது நீ என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது. இருபத்தொன்றாம் தேதிக்கு அட்மிஷன் கொடுத்திருக்கிறார்கள். நான் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே. அவள் என்னைத் தைரியசாலி என்று நினைக்கவில்லைதான், இருந்தாலும்.

அப்பா

புனே
8.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். லேபுக்குள் போகவில்லை.

வெடித்தது என்றால் உங்கள் இதயம் இல்லை அப்பா, என் கணக்கு. ரத்தம் போகிற இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடுவோம். வால்வு ஓரத்தில் நான் வெட்டிய கட்டம் கோணல். கோணலாக வெட்டினால் என்ன ஆகும் என்று கட்டிங் சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு தாறுமாறாக எகிறி நின்றுவிடும். அதைத்தான் இங்கே எல்லோரும் வெடித்தது என்போம். அந்தப் பேச்சு வழக்கை யோசிக்காமல் உங்களுக்கு எழுதியதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். தோசைக்கரண்டியிடமும்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். முதல் தடவை அழுதேன். பெயர் தெரியாதவர்களின் இதயம் எத்தனையோ தடவை வெடித்திருக்கிறது, காபி குடிக்கப் போய்விடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. என் கைடு பார்த்துவிட்டு, இந்த ஸ்கேனை வேறு யாரிடமாவது கொடு என்றார். கொடுக்கவில்லை. கட்டத்தைத் திரும்ப வெட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், இது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம். நாங்கள் ஒவ்வொரு இதயத்தையும் நின்ற நிலையிலிருந்துதான் ஓட விடுவோம். ரத்தம் அசையாமல் இருக்கும். பிறகு துடிப்பு கொடுப்போம். முதல் ரெண்டு மூன்று துடிப்பு எப்போதும் கன்னாபின்னா என்றுதான் இருக்கும். ரத்தம் எங்கே போவது என்று தெரியாமல் முட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட மாட்டோம். முதல் துடிப்புகளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம், தூக்கிப் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு ஓட்டம் தன் வழியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும்.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என் கம்ப்யூட்டருக்கு இதயம் என்றால் என்ன என்றே தெரியாது. அதில் இருப்பது ஒரு குழாய், ஒரு வால்வு, ரத்தம். துடிப்பை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நிஜ இதயத்தைத் திரும்ப ஓட வைப்பதில் அந்த ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களுக்குத்தான் அனுபவம். தானாக ஓடாவிட்டால் சின்னதாக ஒரு கரண்ட் கொடுப்பார்கள். பிரேம்நாத் அண்ணன் உதைப்பது மாதிரியேதான், பீடியும் கெட்ட வார்த்தையும் மட்டும் இருக்காது.

அந்தச் சின்ன டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். நானும் என் ஆராய்ச்சியில் 'பெரும்பாலும்' போடாமல் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. உண்மை பேசுகிறவர்கள் அந்த வார்த்தையைத் தாண்ட முடியாது.

போனில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் தெரியுமா? அந்த வாசல் எவ்வளவு இடுக்கு என்று என் ஸ்க்ரீனில் தினமும் பார்க்கிறேன். நீங்கள் டீக்கடையில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேருங்கள் அப்பா.

ஹெப்சி

வேலூர்
21.7.2025

ஹெப்சி,

சேர்ந்துவிட்டேன். கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன். உன் அம்மா கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பரீட்சை ஹாலில் உட்கார்வது போல உட்கார்ந்திருக்கிறாள். டீ மேலேயே வருகிறது. பஸ் வாசனைகூட வராத மாடி.

உலோக வால்வையே சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் தோலோடு வாழ்ந்தாயிற்று, உள்ளேயும் எதற்கு? மாத்திரை போட வேண்டுமாம், கீரை கூடிக் குறைந்தால் அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாதாம், அளவாக ஒரே மாதிரி சாப்பிட வேண்டுமாம். "அப்போ பிரியாணி?" என்று கேட்டேன். "அதைப் பத்தி அப்புறம் பேசலாம் சார்" என்றார் டாக்டர். மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

அதே சின்ன டாக்டர்தான் வந்தார். என்னைப் பார்த்ததும், "சார், டீ குடிச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார். ஒன்றரை மாசம் ஆயிற்று, கொஞ்சம் நீண்ட டீதான். "தம்பி, அந்தப் பெரும்பாலும் இன்னும் இருக்கா?" என்றேன். "இருக்கு சார்" என்றார். நல்ல பையன். என் மகள் மாதிரியே பேசுகிறார்.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆபரேஷன் வியாழக்கிழமை. அம்மாவுக்குப் பேச்சுத் துணை இல்லை, அவ்வளவுதான். புனே வண்டியில் வந்தால் அரக்கோணத்தில் இறங்கிக் காட்பாடிக்கு வண்டி மாறு. இந்தக் கடிதம் போய்ச் சேரும்முன் நீ இங்கே இருந்தால், இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்பா

ஆம்பூர்
30.8.2025

பிரியமான ஹெப்சிக்கு,

நீ புனே திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அம்மா இன்னும் போனைத் தரவில்லை. பழக்கமாகிவிட்டதாம்.

வால்வு 'டிக் டிக்' என்கிறது. உலோகத்துக்கு அப்படித்தான் என்று நீ முன்பே சொன்னாய், ஆனால் அதோடு வாழ்வது வேறு. போன ஞாயிறு சபையில் மௌன ஜெபம். எல்லோரும் கண் மூடியிருக்க, ரெனிட்டா அக்கா மட்டும் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது நின்று ரெண்டு மாசம் ஆகிறது. அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நயீம் வந்து, "வாட்ச் முழுங்கிட்டியா தோஸ்த்?" என்று காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனான்.

பெரிய நஷ்டம் வீட்டில்தான். நேற்று உன் அம்மா, "நயீம் வீட்டுக்குப் போனீங்களே, பிரியாணி சாப்டீங்களா?" என்று கேட்டாள். "இல்லையே" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். டிக் டிக் டிக் டிக் என்று உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். முப்பது வருஷக் குடும்பத்தில் இனிமேல் நான் ஒரு பொய் சொல்ல முடியாது. இதை உன் கம்ப்யூட்டர் ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?

ஐ.சி.யூ.வில் நான் பேசியதையெல்லாம் அம்மா இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறாள். நர்ஸை நயீம் என்று கூப்பிட்டேனாம். பக்கத்துக் கட்டில்காரரை ரெண்டாம் செலக்‌ஷன் என்றேனாம், ஏற்றுமதிக்கு ஆகாது என்றேனாம். பாவம், அவர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை என்னோடு பேசவில்லை. நான் சொல்லிவிட்டேன்: "லில்லி, அதெல்லாம் முதல் துடிப்பு. கணக்கில் சேக்கக் கூடாது. ஹெப்சி சட்டம்."

ஆனால் ஒன்று எனக்கே ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது நீ நின்றிருந்தாய், முகத்தில் மாஸ்க், கண் வீங்கிப்போய். என் முகத்தைப் பார்க்காமல் மேலே மானிட்டரில் ஓடுகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் உன்னிடம் முதல் வார்த்தையாக, "நீயா ஸ்டார்ட் பண்ண?" என்று கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதினவள், ஆமாம் என்று தலையை ஆட்டினாய்.

அதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் பேசி முடித்தாயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் என் கைக்கு வரும். கூப்பிடுகிறேன். நான் ஏன் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை என்று நீ கேட்பாய், நான் போனேன் என்பேன், உள்ளே டிக் டிக் என்று ஓடும், உனக்குக் கேட்டுவிடும், நீ கத்துவாய், நானும் கத்துவேன். முதல் ரெண்டு மூன்று நிமிஷம் அப்படித்தான் இருக்கும். நீ வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

(அம்மா படித்துவிட்டாள். மார்க் போடவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.)